சந்தாவும் சரீர பலமும்

காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் வாலிபர்களுக்குத் தேகப்பயிற்சியில் பற்றுதல் வளர்ந்து வருவது சந்தோஷிக்கத் தக்க விஷயம். ‘ஜிம்’ என்று யாவரும் வழங்கும் தேகப்பயிற்சிச் சாலைகள் இன்று சென்னைக்கும் மதுரைக்கும் மட்டும் உரியவை அல்ல. சிறிய நகரங்களின் கடைவீதி மாடிகளிலும் அவை ஏற்பட்டு, காலையும் மாலையும் இரும்புக் குண்டுகளின் ஓசை கேட்கிறது. ஆனால் அங்கே சந்தா கட்டுகிறவர்களில் எத்தனை பேர் தாம் கொடுத்த பணத்துக்கு ஈடான பலனைப் பெறுகிறார்கள் என்ற கேள்வியை நம்மவர்கள் போதிய அளவு கேட்பதில்லை. வட்டிக் கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் பேரேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்து, ஐந்தொகை சரியான பிறகே படுக்கப் போகும் மரபு வளர்ந்த சீமை இது. இங்கே சரீரத்தின் கணக்கை மட்டும் பாராமல் விடுவது பொருந்துமா?

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் நீரிழிவு நோயாளர்களின் தொகை 10 கோடிக்கு மேல். 2024இல் லான்ஸெட் குழுவைச் சேர்ந்த வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று கண்டது. ஸ்திரீகளில் இது 57 சதவிகிதம். புருஷர்களில் 42 சதவிகிதம். உழவும் நெசவும் சுமையும் பழகிய ஜனங்கள் நாற்காலிக்கும் மோட்டார் வண்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் அடிமைப்பட்டு வருகிறார்கள் என்பதே இதன் சாரம். சபையில் எழுந்து ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் மாடிப்படி இருபது ஏறினால் மூச்சு வாங்குகிறார். இத்தகையவர்களைக் கொண்டு எந்தப் பொதுக் காரியத்தை நெடுநாள் நடத்த முடியும்?

தேகப்பயிற்சிக்கும் தேச சேவைக்கும் உள்ள உறவு நம் முன்னோர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. 1902இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதி தேகப்பயிற்சிச் சங்கமாகவே ஆரம்பமாயிற்று. 1914இல் அமராவதியில் ஏற்பட்ட ஹனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலம், 1936இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் நம் நாட்டு விளையாட்டுகளை ஐரோப்பியர் முன் ஆடிக் காட்டியது. தமிழ் நாட்டில் வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கியபோது, கல்வியோடு உடலுழைப்பையும் சேர்த்தே வைத்தார். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் வொய்.எம்.ஸி.ஏ.யின் சார்பில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு கலாசாலையையே ஆரம்பித்தார். பெங்களூரில் கே.வி. ஐயர் பயிற்சிச் சாலை நடத்தியதோடு, தபால் மூலமும் பாடம் அனுப்பினார். 1904, 1905ஆம் வருஷங்களில் இந்தியாவைச் சுற்றிய யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயர் இன்றைக்கும் கையில்லாத பனியனுக்கு வழங்குகிறது. நமது சின்னப்பா தேவருக்கும் அதுவே பட்டமாயிற்று.

சிவகங்கைச் சீமைக்கோ இவற்றுக்கெல்லாம் முந்திய பெருமை உண்டு. வேலு நாச்சியாரும், 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களும் ஆண்ட மண் இது. வளரியும் சிலம்பமும் இங்கே வேடிக்கைக்காகப் பழகப்பட்டவை அல்ல. தென்பாண்டிக் கிராமங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்த இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றியவனே வாலிபன் என்று மதிக்கப்பட்டான். அந்தக் கல்லுக்குச் சந்தா இல்லை. அதைத் தூக்கக் கற்றுக் கொடுத்தவர் ஊர்ப் பெரியவர். பார்த்து மெச்சினவர்கள் ஊரார்.

இன்றைய ஜிம் அவ்விதமான பொது ஸ்தாபனம் அல்ல. அது ஒரு வியாபாரம். வியாபாரம் செய்வது குற்றம் என்று செட்டிநாட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். வாடகை, மின்சாரம், கருவிகள், ஆசிரியர் சம்பளம் எல்லாவற்றையும் முதலாளி ஈட்டியாகவேண்டும். ஆனால் வியாபாரத்தை வியாபாரமாகவே எடை போடவேண்டும். கண்ணாடிச் சுவரையும் வர்ண விளக்கையும் கண்டு மயங்கி, பக்தன் உண்டியலில் போடுவது போல் சந்தாவைப் போட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம் ஆகாது.

முதலில், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெளிந்துகொள்ளவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட விதிகளின்படி, வயது வந்த ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். இவற்றில் முதற்பகுதி வேகமான நடையாலேயே நிறைவேறிவிடும். நடைக்கு எவரும் சந்தா கட்டவேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்களில் நேராக ஓடும் அகன்ற வீதிகள் உண்டு. ஊருணிக் கரைகள் உண்டு. தினம் அரை மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிஷம் ஆயிற்று. குளிர்சாதன அறையில் டிரெட்மில் மீது நடப்பதற்காகவே மாதந்தோறும் பெருந்தொகை கட்டுகிறவர், வீதியில் இலவசமாய்க் கிடைப்பதை விலைக்கு வாங்குகிறவரே. இருதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கும், இரவில் மட்டும் ஓய்வுள்ளவர்களுக்கும், வீதியில் நடக்கத் தயங்கும் ஸ்திரீகளுக்கும் இது விலக்கு.

இரண்டாவது பகுதியாகிய தசைப் பயிற்சிக்கே சாலை உண்மையில் உதவுகிறது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் வீட்டிலேயே செய்யலாம் என்பது மெய்தான். ஆனால் படிப்படியாகச் சுமையை ஏற்றுவதற்கு வெவ்வேறு எடையுள்ள குண்டுகள் வேண்டும். முதுகும் முழங்காலும் கெடாமல் தூக்கும் முறையைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். ஆகவே சந்தாவின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் செல்லுகிறதா என்று பார்ப்பதே முதல் பரீட்சை. பத்து டிரெட்மில்லும் ஓர் அரைகுறை ஆசிரியரும் உள்ள இடத்தைவிட, பழைய இரும்பும் நல்ல ஆசிரியரும் உள்ள இடமே மேல்.

அடுத்தது விலை. இக்காலத்தில் சிறு நகரங்களில் சாமான்யமான சாலைக்கு மாதம் சில நூறு ரூபாயும், குளிர்சாதனம் முதலிய வசதிகள் உள்ள சாலைக்கு ஆயிரமும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். தனி ஆசிரியர் வேண்டுமானால் அது வேறு கணக்கு. இத்தொகைகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. எத்தனை நாள் போகிறோம் என்பதால் வகுத்துப் பார்க்கவேண்டும். மாதச் சந்தா 500 ரூபாய் உள்ள சாலைக்கு 20 நாள் போகிறவனுக்கு ஒரு நாள் செலவு 25 ரூபாய். 1,500 ரூபாய் உள்ள சாலைக்கு 20 நாள் போகிறவனுக்கு 75 ரூபாய். ஆனால் மலிவான சாலை வீட்டுக்குத் தொலைவில் இருந்து, மாதத்தில் 5 நாளே போக முடிந்தால் அங்கேயும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் ஆகிவிடுகிறது. எனவே சாலை வீட்டிலிருந்தோ வேலை செய்யுமிடத்திலிருந்தோ எவ்வளவு தூரம் என்பதும் விலையின் ஒரு பகுதியே.

வருஷச் சந்தாவில்தான் அனேகர் ஏமாறுகிறார்கள். உதாரணமாக, மாதச் சந்தா 1,000 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் லாபம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்பது மாதம் தொடர்ந்து போனால்தான் இரண்டும் சமமாகும். அதற்கு மேல் போகிறவனுக்கே லாபம். மூன்று மாதம் போய் நின்றுவிடுகிறவன், மாதந்தோறும் கட்டியிருந்தால் 3,000 ரூபாயோடு தப்பியிருப்பான். 9,000 கட்டியதால் 6,000 ரூபாயை இழக்கிறான். மாதம் 20 நாள் வீதம் 60 நாள் போயிருப்பான். நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் ஆகவேண்டிய இடத்தில் 150 ரூபாய் ஆகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. அமெரிக்காவில் டெல்லாவிஞா, மால்மென்டியர் என்ற இரு பொருளாதார ஆசிரியர்கள் மூன்று ஜிம்களில் 7,752 அங்கத்தினர்களின் வரவைக் கணக்கெடுத்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேற்பட்ட மாதச் சந்தா கட்டினவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தடவையே சென்றார்கள். இதனால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. அதே இடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். படித்தவர்களும் பணமுள்ளவர்களும் கூட, நாளைக்குத் தாம் எவ்வளவு ஊக்கத்தோடு இருப்போம் என்பதை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பதே அவ்வாசிரியர்களின் தீர்மானம்.

‘முழுத் தொகையும் கட்டிவிட்டால் அந்தப் பணமே நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்’ என்று சிலர் சொல்லுவார்கள். மேலே கண்ட கணக்கு அதற்கு அனுகூலமாக இல்லை. மனிதனை இழுப்பது கொடுத்த பணம் அல்ல, பழக்கமே. 2009இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஒரு மாதத்துக்குள் எட்டுத் தடவை ஜிம்முக்குச் சென்றால் வெகுமதி என்று கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. வெகுமதி நின்ற பிறகும் அவர்கள் முன்னிலும் அதிகமாகவே சென்றார்கள். ஆதலால் புதிதாகச் சேருகிறவன் முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவே கட்டட்டும். அதற்குள் பழக்கம் நிலைத்துவிட்டால் பிறகு வருஷச் சந்தா கட்டி லாபம் அடையலாம். நிலைக்காவிட்டால் நஷ்டம் சிறிது. மொத்தச் சந்தாவில் ‘இன்று ஒரு நாள் மட்டும் சலுகை’ என்று அவசரப்படுத்துகிறவரிடம் அன்றைக்கு எதுவும் கட்டாமல் திரும்பி வருவதே உத்தமம். அடுத்த பண்டிகைக்கு அதே சலுகை மறுபடியும் வரும்.

வரி விஷயத்தையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்கவேண்டும். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் ஜிம்களுக்குரிய சரக்கு சேவை வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் 1,000 ரூபாய்ச் சந்தாவுக்கு வரியோடு 1,180 ரூபாய் ஆயிற்று. குறைத்த விகிதப்படி 1,050 ரூபாய் ஆகவேண்டும். ஆனால் கருவி, வாடகை முதலியவற்றில் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு இந்த 5 சதவிகித முறையில் இல்லை. அதனால் அவர் அடிப்படைச் சந்தாவைச் சற்று உயர்த்தியிருந்தால் அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். அடிப்படைச் சந்தாவையும் உயர்த்திவிட்டு, பழைய 18 சதவிகிதத்தையும் வாங்கினால் அதில் நியாயம் இல்லை. மேலும், சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர் இவ்வரிக்குப் பதிவு செய்துகொள்ளவேண்டியதில்லை. மாதம் 500 ரூபாய் வீதம் வாங்கும் சாலைக்கு 333 அங்கத்தினர் வரையில் அந்த வரம்பு தாண்டாது. பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரால் ஒரு காசும் வாங்கக்கூடாது. ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

ரசீதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடாமல் இருப்பதை, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வியாபார முறை என்று கூறுகிறது. சாலையை இடையில் மூடிவிட்டாலும், வாக்களித்த ஆசிரியரையோ கருவியையோ தராவிட்டாலும் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற எண்ணில் தேசிய உதவி நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். சிவகங்கையிலுள்ள ஜில்லா நுகர்வோர் கமிஷனில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் ரசீதும் நிபந்தனைச் சீட்டும் இல்லாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? வியாதியோ வேலை மாற்றமோ நேர்ந்தால் மிகுதித் தொகை திரும்பக் கிடைக்குமா, மாதங்களைத் தள்ளிவைக்கலாமா, சகோதரனுக்கு மாற்றித் தரலாமா என்பவற்றைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். வாய்ச்சொல் வசூலாகாது என்பது லேவாதேவி செய்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சேருமுன் சாலையை நேரில் பார்க்கவேண்டும். அதுவும், தான் வரப்போகிற வேளையிலேயே பார்க்கவேண்டும். பகல் பதினொரு மணிக்கு வெறிச்சென்று இருக்கும் கூடம், மாலை ஆறு மணிக்குச் சந்தை போல் இருக்கலாம். ஒரு பலகைக்கு நாலு பேர் காத்து நிற்கும் இடத்தில் ஒரு மணிப் பயிற்சிக்கு இரண்டு மணி ஆகும். காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, கருவிகளின் கம்பியும் திருகும் இவையெல்லாம் கண்ணால் காணத்தக்கவை. ஆசிரியரிடம், ‘எங்கே கற்றீர்கள்? எனக்கு முதல் மாதம் என்ன கொடுப்பீர்கள்?’ என்று கேட்கவேண்டும். வயதையும் நோயையும் தொழிலையும் விசாரியாமல் எல்லோருக்கும் ஒரே பாடம் கொடுப்பவர் ஆசிரியர் அல்லர். ஸ்திரீகளுக்குத் தனி வேளையும் தக்க ஆசிரியையும் உண்டா என்று கேட்பதும் குடும்பத்தார் கடமை. ஸ்திரீகளில் 57 சதவிகிதத்தினர் போதிய உழைப்பின்றி இருக்கும் தேசத்தில், தேகப்பயிற்சி ஆண்பிள்ளைகளின் சொத்து என்று நினைப்பது பேதைமை.

சந்தாவுக்கு மேல் சாமர்த்தியமாக வசூலிக்கப்படும் இன்னொரு வரி உண்டு. அதுதான் மாவு டப்பா. சேர்ந்த முதல் வாரத்திலேயே, ‘இதைச் சாப்பிடாவிட்டால் உடம்பு தேறாது’ என்று சொல்லி, சந்தாவைவிடப் பன்மடங்கு விலையுள்ள புரதப் பொடியை விற்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து ஸ்தாபனம் 2020இல் வகுத்தபடி, சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு ஏறக்குறைய 50 கிராம் ஆகும். கடுமையாகப் பயில்கிறவனுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். நூறு கிராம் பருப்பில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம். பாலும் தயிரும் கடலையும் மீனும் மிகுதியைக் கொடுக்கும். தசையை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளைத் தின்பதைத் தவிர்க்கும்படி அதே ஸ்தாபனம் 2024இல் புத்திமதி கூறியது. பொடியாவது பணத்தைத் தின்னும். விரைவில் உடம்பு திரள்வதற்கென்று ரகசியமாகப் போடப்படும் ஊசியோ இருதயத்தையும் ஈரலையும் தின்னும். அத்தகைய பேச்சு எழுகிற சாலையிலிருந்து, மிகுதிச் சந்தாவைப் பற்றிக் கவலைப்படாமல் அன்றைக்கே வெளியேறவேண்டும்.

இவ்வளவும் பணம் கொடுக்கக் கூடியவர்களுக்குச் சொன்னது. கூலி வேலை செய்கிறவரின் மகனுக்கு மாதம் 500 ரூபாயும் பாரமே. அவனுக்கு வழி என்ன? 2016இல் தமிழ் நாட்டு அரசாங்கம் கிராம ஊராட்சிகளில் 500 பூங்காக்களையும் 500 உடற்பயிற்சிக் கூடங்களையும் அமைப்பதாக அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் கருவி வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பதும் கற்பிப்பதும் தினசரி வேலை. ஆசிரியர் இல்லாத கூடத்தின் கதவில் பூட்டும், கருவியில் துருவும் ஏறுவது இயல்பே.

இந்தக் குறையைத் தீர்க்கக் காரைக்குடிக்கு உள்ள சாதனம் வேறு பல ஊர்களுக்கு இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கலாசாலை தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதற்கு 1948இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அவர் பெயரால் விளங்கும் சர்வகலாசாலையில் தேகப்பயிற்சிக் கல்லூரியும் இருக்கிறது; அதாவது, ஆசிரியர்களை உண்டாக்கும் பட்டறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. மாநகராட்சி இடமும் விளக்கும் கொடுக்கட்டும். கல்லூரி மாணவர்கள் தங்கள் பயிற்சியின் ஒரு பகுதியாக முறை வைத்துக் கற்பிக்கட்டும். கோயிலுக்கும் பள்ளிக்கும் ஊருணிக்கும் வாரி வழங்கிய குடும்பங்கள் இரும்புக்கும் கொஞ்சம் வழங்கட்டும். சிறு தொகையைச் சந்தாவாக வைத்து, இயலாதவர்களுக்கு அதையும் விட்டுவிடலாம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நாற்பது பேர் தண்டால் எடுக்க இடம் உண்டு. வீட்டுக்காரர்களின் மனத்தில் இடம் வேண்டும், அவ்வளவே.

பொதுச் சாலை ஏற்பட்டால் தனியார் சாலைகள் கெட்டுப் போகுமோ என்று சிலர் அஞ்சலாம். நூல் நிலையம் வந்ததால் புத்தகக் கடை மூடப்படவில்லை. படிப்பின் ருசி பரவினால் இரண்டும் பிழைக்கும். பயிற்சியின் ருசியும் அப்படியே. மேலும், நல்ல ஆசிரியரும் குறைந்த சந்தாவும் உள்ள பொதுச் சாலை ஒன்று ஊரில் இருந்தால், மற்றவர்களின் விலைக்கும் தரத்துக்கும் அதுவே அளவுகோல் ஆகும்.

ஊழியர்களுக்கும் சங்கங்களின் காரியதரிசிகளுக்கும் நமது வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் எத்தனை பயிற்சிச் சாலைகள் உள்ளன, ஒவ்வொன்றின் சந்தா என்ன, ஆசிரியர் யார், ஸ்திரீகளுக்கு வேளை உண்டா, பணம் திரும்பக் கிடைக்குமா என்ற ஐந்து விவரங்களைத் திரட்டி ஒரு தாளில் எழுதி, வாசகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான் அது. விலையை மறைத்து வியாபாரம் செய்கிறவர்கள் தாமே திருந்துவார்கள். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு அங்கத்தினர் சேருவார்கள். அதன்பின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அங்கத்தினரிடம் போய், ‘இத்தனை சந்தா கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்கும்போது மாடிப்படி ஏறி மூச்சு வாங்காமல் நிற்பதற்கு, நாளைக் காலையிலிருந்தே ஊருணிக் கரையில் நடக்கத் தொடங்குங்கள்.